பின்பக்கத்தில் ஒரு பெயர்

ஒக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சப்பாத்தைக் கையில் பிடித்தபடி பஸ்.

ஆபீசில் புது வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு. தாதி தன் கைபேசியில் நோயாளியின் மருந்துப் பட்டியலைப் பார்ப்பாள். அது எல்லா அளவுத் திரையிலும் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்ப்பது என் பாடு. அத்தனை போன் வாங்கித்தரக் கம்பனிக்கு மனம் வராது. ஆகவே கம்ப்யூட்டருக்குள் பொய்ப் போன்கள். எமுலேட்டர்.

எமு. 1, 240×320: சரி.
எமு. 2, 176×220: எழுத்து நெருக்கம். பரவாயில்லை.
எமு. 3, 128×160: ஐந்து மருந்தில் நாலுதான் தெரிகிறது. ஐந்தாவது திரைக்குக் கீழே. கீழே இன்னும் இருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

வீட்டில் அன்ரன். மனைவி ஜெசியின் தம்பி. சனிக்கிழமை மன்னாரிலிருந்து வந்தான், கப்பல் வேலைக்கு மெடிக்கல் எடுக்க. இரண்டு கிழமை நிற்பான். என் உத்தியோகத்தை விளக்கினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"ஒரே படத்தை மூண்டு பெட்டியில பாக்கிறதுக்கோ அத்தான் சம்பளம் தாறாங்கள்?"

ஓம் என்றேன்.

நாளைக்கு: அம்மாவின் பிரஷர் குளிசை. சின்னவனின் சப்பாத்து. அன்ரனைப் பொலிசில் பதிவது (முதலில் இது).

ஒக்டோபர் 7, செவ்வாய்

தூறல்.

வீட்டில் இருப்பவர்களின் படிவம். வடக்கில் சண்டை என்பதால், அங்கிருந்து யாரும் கொழும்புக்கு வந்தால் பொலிசுக்குப் புதிதாக நிரப்பிக் கொடுக்கவேண்டும். அப்பா, அம்மா, நான், ஜெசி, பிள்ளைகள் இரண்டு. ஆறு பேர், ஆறு கோடு. அன்ரனுக்குக் கோடு இல்லை. பின்பக்கத்தில் எழுதினேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம், எல்லாம் அச்சடித்த மாதிரி. என் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

சந்திக் கடையில் ஒரு போட்டோகொப்பி. ஸ்டேஷனில் அசலை வைத்துக்கொண்டு கொப்பியில் சீல் குத்தித் தந்தார்கள். அதற்கு ஒன்றரை மணித்தியால வரிசை. ஆபீசுக்குப் பிந்திப் போனதற்கு மனேஜரின் முகம் இவ்வளவு நீளம்.

பின்னேரம் ஜெசி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வெளிக்கிட்டாள், செவ்வாய்ப் பூசைக்கு. படியில் நின்று கேட்டாள்.

"பதிஞ்சாச்சோ?"

"பதிஞ்சாச்சு. சீலும் இருக்கு."

"அப்ப அந்தோனியாருக்கு இண்டைக்கு நன்றி மட்டுந்தான் சொல்லோணும்."

குளிசை வாங்க மறந்துபோனேன். அம்மா வெறும் அட்டையைத் திரும்பவும் டப்பாவுக்குள் வைத்தார். அதுதான் கூடக் குத்துகிறது.

ஒக்டோபர் 8, புதன்

வெயில், கடைசியாக.

நுவனோடு சண்டை. அந்த அப்பை எழுதியவன் அவன்தான். எமு. 3 பிழையைப் பிழையென்றே ஒப்புக்கொள்ள மாட்டானாம். கீழ் பட்டனை அமத்தினால் ஐந்தாவது மருந்து வரும்தானே என்கிறான். நான் கேட்டேன்: கீழே ஒன்று இருக்கிறதென்று தெரியாதவள் எதற்கு அமத்தப்போகிறாள்? மனேஜரும் கேட்டுக்கொண்டு நின்றார். கூர்மையான கண் என்றார். நேற்றைய நீள முகம் போன இடம் தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் இதை இரண்டு தரம் சொன்னேன். ஜெசி கண்ணை உருட்டினாள். அன்ரன் மட்டும் கை தட்டினான். "அத்தான்ர கண்ணுக்கு ஒண்டும் தப்பாது!"

அவனுக்கு மெடிக்கல் சரி. காது, கண், நெஞ்சு, எல்லாம் பாஸ். அப்பாவோடு கரம்போர்ட் விளையாடி வேண்டுமென்றே தோற்கிறான். அப்பாவுக்கு அது தெரியாது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலை ஆறு மணி. பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். செக்கிங். லேன் முழுக்க ஆமி, பொலிஸ்.

பெண்களையும் பிள்ளைகளையும் அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். ஹோலில் அப்பா, நான், அன்ரன். ஒருவன் சீல் குத்திய கொப்பியைக் கையில் வைத்து எண்ணினான். அறைக்குள் எட்டிப் பார்த்துத் திரும்ப எண்ணினான். ஏழு தலை, ஆறு பெயர்.

"மேக்கே மெயாகே நம நே." இதில் இவனுடைய பெயர் இல்லையாம்.

பின்னால் இருக்கிறது சேர், திருப்புங்கள் என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

திருப்பினான். வெள்ளை.

கொப்பி எடுத்தது முன்பக்கத்தை மட்டும். அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்து நாளாக அது அலுமாரியில் கிடந்தது. ஒரு தரம் திருப்பிப் பார்க்கவில்லை.

அசல் ஸ்டேஷனில் இருக்கிறது என்றேன். அதை அங்கே பார்க்கலாம் என்றார்கள். சேர்ட் போடச் சொன்னார்கள். அன்ரன் பட்டனை மாறிப் பூட்டினான், ஒரு பக்கம் தூக்கி நின்றது. அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "பயப்பிடாதேங்கோ அத்தான், கேட்டுட்டு விட்டிடுவினம்."

ஜெசி படிவரைக்கும் ஓடினாள். "பதிஞ்ச பிள்ளை சேர்! சீல் இருக்கு சேர்!"

அவளுக்கு இன்னும் தெரியாது. பொலிஸ் வேண்டுமென்று செய்ததாக நினைக்கிறாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஸ்டேஷனுக்கு மூன்று தரம் போனேன். உள்ளே விடவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

லீவு. வாசலில் நாள் முழுக்க. "ஹெட்ட என்ன." நாளைக்கு வா.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை.

நரைத்த சார்ஜன்ட் ஒருவர் இரங்கினார். கட்டை அவிழ்த்து எங்கள் படிவத்தைத் தேடி எடுத்தார். என் முன்னாலேயே திருப்பினார். என் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"தியெனவா நே, மஹத்தயா." இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் அன்ரனை நேற்றுப் பின்னேரம் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று அவரால் சொல்ல முடியாதாம். கொப்பியில் இருந்திருந்தால் வீட்டிலேயே விட்டிருப்பார்கள் என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

அங்கிருந்து நேரே புதுக்கடைக் கோர்ட்டடிக்கு. சட்டத்தரணி நாளை மறுநாள் வரச் சொன்னார். கொப்பி வேண்டும், அன்ரனின் முழு விபரம் வேண்டும்.

ஜெசி கொச்சிக்கடையில். மெழுகுதிரி கொளுத்த இடமில்லாத கூட்டமாம். ஒவ்வொருத்தி கையிலும் காணாமல்போன ஒருவரின் போட்டோவாம்.

ஒக்டோபர் 15, புதன்

ஆபீஸ் போனேன். நுவன் திருத்தியிருக்கிறான். எமு. 3 திரையின் அடியில் இப்போது ஒரு சின்ன அம்புக்குறி, கீழே பார் என்று. நீ சொன்னதுதான் சரி என்று சிங்களத்தில் சொல்லித் தோளில் தட்டினான். டொய்லட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். நான்தான் அன்ரனைப் பிடித்துக் கொடுத்தேன். வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

பின்னேரம் ஜெசிக்குச் சொன்னேன். முழுவதும்.

கத்துவாள் என்று நினைத்தேன். "கொப்பி எடுக்கேக்க திருப்பேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல."

கொப்பியை எடுத்து வந்தாள். அந்த வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்தாள். மகளின் பென்சிலால் எழுதத் தொடங்கினாள். பெயர். ஊர். பிறந்த திகதி.

"அடையாள அட்டை நம்பரைச் சொல்லுங்கோ. லோயர் கேப்பார்."

அட்டை அவனோடு போய்விட்டது. இலக்கம் இருப்பது ஸ்டேஷனில், அந்தத் தாளின் பின்பக்கத்தில். நேற்று சார்ஜன்ட் அதைக் கண்ணுக்கு முன்னால் திருப்பிக் காட்டினார். நான் குறித்துக்கொள்ளவில்லை.

பென்சிலைத் தாளில் ஊன்றியபடி இருக்கிறாள்.