வெயில் இல்லாமல் வந்த குமிழ்

11.11.2024, ஜமுனாமரத்தூர்
மூன்றாவது நாளாக மேகம் இறங்கிக் கிடக்கிறது. ஆய்வேட்டுக்கு வெட்டவெளி அளவுகள் வேண்டும், உங்கள் மலையிலேயே எடுங்கள் என்று வழிகாட்டி புருஷோத்தமன் சார் அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் என் கண்ணாடித் தகடு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அலுமினியப் புள்ளிகள். அவை வெயிலை வாங்கித் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும். ஐந்து வருட உழைப்பு.

இன்று வெயிலே இல்லை. ஆனால் குமிழ் வருகிறது.

12.11
புதுத் தகடு. இன்றும் வருகிறது. ஏன்?

13.11
தொட்டியைக் கறுப்புத் துணியால் சுற்றி, கேழ்வரகு மூட்டை அறையில் கதவைச் சாத்தி வைத்தேன். காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை. குழாயில் இரண்டு மில்லி. தீக்குச்சி காட்டினேன், பட்டென்று வெடித்தது. ஹைட்ரஜன்தான்.

தகட்டைத் தூக்கினால் பூச்சு போய் மறுபக்கம் என் விரல்கள் தெரிகின்றன. வெயில் எதையும் பிரிக்கவில்லை. அலுமினியம் கரைகிறது, கரையும்போது வாயு வருகிறது. வெயிலில் தண்ணீர் சூடாவதால் வேகமாகக் கரைகிறது. அவ்வளவுதான்.

ஆய்வகத்தில், வெளிச்சம் இல்லாமலும் வாயு வருகிறதா என்று பார்க்கும் இருட்டுச் சோதனையைப் பத்தே நிமிடத்தில் முடித்தது யார்? நான்தானே?

14.11
சாரிடம் போனில் சொன்னேன். அளவுகளைத் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு, "நம்ம கட்டுரை இதழ்ல வெளியாயிடுச்சு செவ்வந்தி. மொதல்ல பட்டத்த வாங்குங்க. அப்புறம் யாரும் கேக்கமாட்டாங்க."

சொன்னால் பட்டம் போகும். சொல்லாவிட்டால் அந்தக் கட்டுரையை நம்பி எங்கோ ஒருத்தி தகடு பூசிக்கொண்டிருப்பாள் — என்னைப்போல, ஐந்து வருடம்.

17.11
அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொந்தக்காரர்களிடமெல்லாம் டாக்டர் பட்டம் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.
"உனுக்கு மட்டும் தெரிஞ்சா அது இன்னாடி தப்பு? பேசாம முட்ச்சிட்டு வா."
எப்டிம்மா முடிக்கிறது? எப்டி?

20.11
எழுதினேன். அழித்தேன்.

22.11
அனுப்பிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறும்படி இதழுக்குக் கடிதம், கூடவே இருட்டில் எடுத்த அளவுகள். சாருக்கும் ஒரு நகல்.

6.12
சாரிடமிருந்து பதில் இல்லை. கூடப் படிக்கும் ஈஸ்வரி பேசினாள். என் மேசையைக் காலி செய்துவிட்டார்களாம். அம்மாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டிலும் இருக்க முடியவில்லை, மலையிறங்கிப் போகவும் இடமில்லை.

3.3.2025
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழில் அறிவிப்பு வந்துவிட்டது. கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று என்னுடையது. மற்றது சாருடையது. நேற்று அவரே கூப்பிட்டார். "வாங்க. வேற தலைப்பு பாப்போம்" என்றார்.

காலையில் மலையிறங்கும் ஆலங்காயம் பஸ். அம்மா என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"சரி, ஏறு" என்றாள்.