பாதியில் நிற்கும் பாட்டு

ஐப்பசி 9, ஞாயிறு

பழைய பாட்டுகளையெல்லாம் இன்று வீட்டு மியூசிக் சர்வரில் ஏற்றினேன். ஒரு பாட்டு மட்டும் இரண்டு முறை இருந்தது. ஒன்று இணையத்தில் எடுத்த முழுப் பாட்டு. மற்றது, கல்யாணமான புதிதில் பஸ் ஸ்டாண்ட் கடையில் பதிந்து வாங்கிய கேசட்டிலிருந்து மாற்றியது. அந்தக் கடைக்காரர் நாடாவை வீணாக்க மாட்டார். மிச்சமிருந்த இடத்தில் இந்தப் பாட்டைப் போட்டுவிட்டார். இரண்டாவது சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து பாட்டு நின்றுவிடும். அரைப்பாட்டு எதற்கு, அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முழுப் பாட்டை ஓடவிட்டேன். அடுப்படியில் வெஞ்சனம் வதக்கிக்கொண்டிருந்த என் மனைவி செல்வி கூடவே பாடினாள். நானும் முணுமுணுத்தேன். அந்த இடம் வந்ததும் இருவருமே நிறுத்திவிட்டோம். கேசட்டைத் திருப்பிப்போட என் கை தானாக நீண்டது. பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

செல்வி கரண்டியோடு வந்து நின்றாள்.

"இது யாரு வீட்டுப் பாட்டுங்க? நம்ம பாட்டு இம்புட்டு நீளம் கெடையாதே."

"இதான் முழுப் பாட்டு, செல்வி."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு நம்மதே போதும்."

அவள் உள்ளே போனதும் ஒன்றை அழித்தேன். முழுசை.