நெத்து இருக்கும்போதே நகரும் ஆடுகள்

இன்று காலை வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு குஜிலியம்பாறை ரோட்டோரம் போனேன். உதிர்ந்து கிடந்த சீமைக்கருவேல நெத்துக் காய்கள் காலில் மிதிபட்டு அந்த இனிப்பு வாடை வந்ததும், உன்னை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பைக்கில் போன ஒருவன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும், எனக்கென்ன.

உன்னை அத்தை அத்தை என்று சுற்றிவந்த என் மகன், கோயம்புத்தூருக்கே வந்துவிடச் சொல்கிறான். ஆடுகளை விற்றுவிட வேண்டுமாம், நான் ஒத்தையில் கிடக்கக் கூடாதாம். இன்று பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன்.

நம் இரண்டு வீட்டு ஆடுகளையும் ஒன்றாக ஓட்டிய நாளெல்லாம் நமக்குள் ஒரே சண்டைதான். மரத்தடியில் நெத்து கிடக்கும்போதே அவை நகர்ந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏலே, இம்புட்டையும் போட்டுட்டு எங்க போறீக?" என்று குச்சியோடு மறிப்பேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

"விடுடி. மிச்சத்தைத் தேடிப் பொறுக்குற நேரத்துல அடுத்த மரத்துல வயிறே நெறஞ்சிரும்."

அப்படியானால் நெத்து குறைந்த காலத்தில் மட்டும் ஏன் ஒரே மரத்தடியில் மண்ணை மோந்துகொண்டு நிற்கின்றன என்று மடக்கினேன். "நெத்து உள்ள அடுத்த மரம் அம்புட்டு தூரத்துல இருக்கே, கிறுக்கி!" என்றாய்.

ஒருநாள் அவை கடலைக் காட்டுக்குள் இறங்கிவிட்டன. காட்டுக்காரர் பார்த்தால் பிடித்துக் கட்டிவிடுவார். நான் கத்தினேன், கல்லெறிந்தேன், சேலை தடுக்க ஓடினேன். ஒன்றும் அசையவில்லை. நீ அலட்டிக்கொள்ளாமல் தொரட்டிக் கம்பை எடுத்து வரப்போர மரத்தை உலுக்கினாய். நெத்து சடசடவென்று விழுந்தது. ஆடுகள் அத்தனையும் என்னை முட்டித் தள்ளிவிட்டு உன்னிடம் ஓடிவந்தன. "பக்கத்துல நல்லது கெடச்சா அதுகளே வருது. நீ ஏன்டி நாயாப் பேயா ஓடுற?" அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கலே வந்துவிட்டது.

நீ கண்ணை மூடிப் போனபின் கொஞ்ச நாள் அழுதுகொண்டே கிடந்தேன். ஆடுகள் பசியில் கத்தவும் வேறு வழியில்லாமல் பட்டியைத் திறந்தேன். இப்போது வெயில் ஏறுமுன் கிளம்பாவிட்டால் எனக்கே இருப்புக் கொள்வதில்லை. எதிரில் வருகிறவர்கள் நின்று பேசுகிறார்கள். குட்டிகள் மேலே விழுந்து விளையாடுகின்றன. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்டி.

மத்தியானம் மகன் போன் செய்தான்.

"வரலப்பா. கோயம்புத்தூரு அம்புட்டு தூரத்துல கெடக்கு. எனக்கு இங்கயே இன்னும் மேய்ச்சல் இருக்கு. கொறஞ்சுச்சுன்னா நானே வாரேன்" என்றேன்.

அவன் சிரித்தான்.

"அம்மா, அத்தை பேசுற மாதிரியே இருக்கு" என்றான்.