இடுப்பில் தேய்த்த சாக்பீஸ்

இன்று காலை சட்டைப் பையில் கைவிட்டேன். விரல் வெள்ளையாக வந்தது. சாக்பீஸ் உடைந்து தூளாகியிருந்தது. உடனே உன் நினைவு. செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்கிறார்கள் வீட்டில். நான் திட்டத்தான் போகிறேன்.

சாஃப்ட்பால் ஆட்டத்தில் கையைச் சக்கரம்போல் சுழற்றிப் பந்தைக் கீழ்வாக்கில் எறிந்தால் போதும் என்றுதான் இங்கே எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் சுவரில் எறிந்து எறிந்து, தோள் வீங்கித்தான் தெரிந்துகொண்டேன். வேகம் காலில் பிறந்து இடுப்பு வழியாக வர வேண்டும். பந்தை விடும்போது முன்கை இடுப்பை உரசிப் போக வேண்டும்; அப்போதுதான் தோள் தப்பும். அதைச் சோதிக்க, என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களை டிராக் பேன்ட்டின் இடுப்போரம் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன். முன்கையில் வெள்ளை ஒட்டினால் சரி.

"இன்னா மாமே, பந்து போட சொன்னா கோலம் போட்டுகினு கீற?" என்று சிரித்தாய், கொரட்டூரிலிருந்து ரயிலேறி வந்து. கொஞ்ச நாளில் நீயும் அதைக் கற்றுக்கொண்டாய்; உன் பையிலும் சாக்பீஸ் இருந்தது.

மாவட்டத் தேர்வு நாள். அணியில் இடம் கிடைத்தால் என் மாணவி ரேவதிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. இல்லாவிட்டால் தையல் கம்பெனி என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். நன்றாகத்தான் எறிந்தாள். தேர்வாளர் மேசையில் நீ. பக்கத்திலிருந்த பெரியவர் உன்னைக் கேட்டார்: "கை உடம்புல இடிக்குதே, தப்புதானே?"

நீ குனிந்து ஷூ லேசைக் கட்டினாய். "ஆமா சார். பழக்கம் சரியில்ல."

நான் கத்தினேன். பயிற்சியாளர் பேசக்கூடாது என்று வெளியே அனுப்பினார்கள். "ஐயா, என் கை தப்பா?" என்று கேட்டுக்கொண்டே ரேவதி என் பின்னால் வந்தாள்.

"அந்தாளு கையிலதான் என் கோச் வேல கீது மாமே. எதுத்துகினா குடுப்பானா?" என்றாய் ஸ்டேஷனில். வேலை கிடைத்தது. உன் முகாமிலும் பெண்கள் இடுப்பில் சாக்பீஸ் தேய்த்தார்கள். உன் இரங்கல் கூட்டத்தில் அதை 'சார் கண்டுபிடித்த முறை' என்றார்கள். என்னையும் பேச அழைத்தார்கள். மைக்கைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று மாலை ரேவதி வந்தாள், தையல் கம்பெனியிலிருந்து நேராக, மகளைக் கூட்டிக்கொண்டு. "இவளுக்கும் சொல்லிக் குடுங்கய்யா."

சிறுமி எறிந்தாள். முன்கையெல்லாம் வெள்ளை. பயந்துபோய்ப் பார்த்தாள். "இட்ச்சிகிச்சு தாத்தா. தப்பா?"

"தப்பே இல்லடி!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அன்று நீ இதை மெதுவாகச் சொல்லியிருந்தாலே போதும்.