பாறைக்குள் போன சேற்றுத் தண்ணீர்

என்னங்க,

நேற்று பேத்தி ஒரு கல்லைக் கொண்டு வந்தாள். பூமிக்குள்ளிருந்து துளைத்து எடுத்தது, பருப்பு மத்துப்பிடி போல உருளை. கழுவினேன். ஈரக்கல் வாசம். கிணறு துளைத்துவிட்டு வரும் நாளில் உங்கள் சட்டையில் இருக்குமே, அதே வாசம்.

அவளுக்கு இப்போது சிங்கப்பூரில் வேலை. ஆழத்தில் கொதிக்கிற பாறைக்குள் தண்ணீரை அழுத்தி இறக்கி, சூடாக மேலே எடுத்து மின்சாரம் செய்யப் பார்க்கிறார்களாம். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் கெலாங் பாத்தா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

"உள்ள தண்ணி விட்டா பாறை என்னாவும்?" என்றேன்.

"அழுத்தி விட்டா விரிசல் தொறக்கும் பாட்டி, தண்ணி லேசா ஓடும். ஆனா கிளீனா இருக்கணும். சேறு போச்சுன்னா விரிசல அடைச்சிக்கும், அப்புறம் கஷ்டம்லா."

எனக்கு நாம் இருந்த ரெங்கம் ரப்பர் தோட்டத்துத் துளைக்கிணறு கண்முன் வந்தது. ஊற்று குறைந்தபோது, நல்ல தண்ணீரை அழுத்தி இறக்கினால் பாறை வழிவிடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த நல்ல தண்ணீரைக் கொண்டுவரும் லாரி வரவில்லை. நீங்கள் அதைத் தேடிப் போனீர்கள். பம்புக்குக் காவல் நான். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கலங்கலான வாய்க்கால் தண்ணீரும் தண்ணீர்தானே என்று குழாயை அதில் போட்டு பம்பை ஓட்டிவிட்டேன். திரும்பி வந்த உங்களிடம், "பாருங்க, பாறை எப்படி இழுக்குது!" என்று பெருமை வேறு. மறுநாள் அந்தக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர்கூட வரவில்லை.

"யார் செஞ்ச வேலை?" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கத்தினார். "என் கைத்தப்புங்கய்யா" என்றீர்கள். அன்றிலிருந்து உங்களுக்குப் பேர், கிணத்த மூடுனவரு. நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். வீட்டில் என்னிடம் மட்டும், "தாகம் பாத்து அவசரப்பட்ட, விடு" என்றீர்கள். நானும் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன், நீங்கள் கண்மூடிய பிறகும்.

நேற்று பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அலமாக் பாட்டி! தாத்தா யோசனை சரிதான். தண்ணிதான் தப்பு" என்றாள்.

இன்று பத்து பாகாட் ஊரில் ஒரு கல்யாணம். பழைய தோட்டத்து ஆட்கள் நிறைய. ஒருவர் என்னைக் காட்டி, "கிணத்த மூடுனவரு சம்சாரம்" என்றார். பந்தியிலேயே எழுந்து நின்று, "அவரு இல்ல, மூடுனது நானு. அவரு தொறக்கத்தான் பாத்தாரு" என்றேன். எதிர் இலையில் இருந்த ஒரு கிழவி, "அப்ப எங்கள அவ்ளோ தூரம் நடந்து தண்ணி தூக்க வச்சது நீதானா?" என்று சிரிக்க, பந்தியே சிரித்தது.

வீடு வரும்வரை பஸ்ஸில் எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை. அந்தப் பேர் இனி என்னுடையது. கனமாக இல்லை, வைத்துக்கொள்கிறேன்.