உருகாத சிப்பாய்கள்

மில்னே விரிகுடா, நியூகினி
செப்டம்பர் 1942

அண்ணா,

ஜெயித்துவிட்டோம்! எகிப்துப் பாலைவனத்தில் இருக்கும் உனக்குச் செய்தி எட்டியதோ இல்லையோ, நானே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலிய உள்நாட்டுக் காவல் படையில் நான் சேர்ந்தபோது, "நீயெல்லாம் சாக்லேட் சிப்பாய்டா, வெயில் பட்டா உருகிடுவே" என்று ஊர் முன்னால் சிரித்தாய். அன்றிலிருந்து உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

இங்கே ஓயாத மழை, முழங்கால் சேறு. விமான ஓடுதளத்தைப் பிடிக்க ஜப்பானியர் மூன்று முறை பாய்ந்தார்கள். கரும்பு வெட்டியவர்களும் கடையில் நின்றவர்களுமான நாங்கள் சேற்றில் படுத்துச் சுட்டோம். ஒருவரையும் தாண்ட விடவில்லை.

விடிந்ததும், உன்னைப்போல் லிபியாவில் டோப்ருக் முற்றுகையில் சண்டையிட்ட சார்ஜென்ட் ஹாலோரன் வந்து என்னைத் தூக்கினார். தன் தேநீரை என் வாயில் வைத்தார்.

"யாருடா உங்களை சாக்லேட்னு சொன்னது?"

"எங்க அண்ணன்தான், சார்ஜென்ட்."

"விலாசத்தைக் குடு. நாலு வார்த்தை நல்லா எழுதுறேன்."

"வேணாம், அவனுக்கு நானே எழுதிக்கிறேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குக் கடிதம் போடும்போது நான் நலம் என்று மட்டும் எழுது.

ஊர் திரும்பியதும் பந்தாட்டத்துக்கு ஆள் சேர். இந்த முறை நான் ஓடப்போவதில்லை. நடுவராக நின்று விசில் ஊதுவேன். அதற்கு ஒரு கால் போதும்.

தலைநிமிர்ந்து,
உன் தம்பி