பகேரியா வீட்டிலை ஆர் இருந்தது

றெஜியோ எமிலியா
02.02.2025

அன்புள்ள குகனேஸ்,

நான் சுகம். தம்பி வீட்டிலை ஒரு குறையுமில்லை, குளிர்தான் தாங்கேலாமல் கிடக்கு. போனிலை வீட்டுக் கதை எடுத்தாலே நீர் வைச்சிடுறீர், அதுதான் எழுதுறன்.

எங்கடை பகேரியா வீட்டை வரிக்கு ஏலம் விட்டது அநியாயம். இத்தாலியிலை குடியிருக்கிற வீட்டுக்கு வரியில்லை. எங்கடை வதிவிடப் பதிவு நீர் பராமரிக்கிற அந்தக் கிழவி சினோராவின்ரை வீட்டு விலாசத்திலை கிடந்ததாலைதான் அதை ரெண்டாம் வீடெண்டு எடுத்தவங்கள். இஞ்சை ஒரு லோயர், வழக்கைத் திரும்ப எடுக்கலாம் எண்டுறார். ‘நாங்கள் ரெண்டுபேரும் பகேரியாவிலைதான் இருந்தனாங்கள்’ எண்டு நீர் ஒரு கையெழுத்து வைச்சால் காணும். கெதியாய் அனுப்பும்.

அன்புடன்,
சோதிலிங்கம்

பலெர்மோ
14.02.2025

இஞ்சாருங்கோ,

கையெழுத்து வைக்கமாட்டன். நான் எங்கை அங்கை இருந்தனான்? கிழமை முழுக்க சினோராவின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை படுத்தனான். ஞாயிற்றுக்கிழமை ரெயினிலை வந்து உங்கடை உடுப்பைத் தோய்ச்சுப்போட்டுத் திரும்புறது இருக்கிறதோ?

இஞ்சை ஒரு லோயர் மனுசியிட்டைக் கேட்டனான். “நீங்கள் சொல்லுறது உண்மையெண்டாலும் தீர்ப்புக்கு முன்னம் சொல்லியிருக்கவேணும். அப்பீல் நாளும் போட்டுது. முடிஞ்ச வழக்கைப் பழைய கதையோடை திறக்கேலாது” எண்டா. உங்கடை லோயர் உங்களைப் பேய்க்காட்டுறான்.

நீங்கள் அங்கை இருந்தது உண்மைதானே. கறண்ட் பில் இருந்தது, பக்கத்து வீட்டுச் சனம் சாட்சி சொல்ல நிண்டது. கோட்டிலை ஏன் வாயைத் திறக்கேல்லை?

குகனேஸ்வரி

றெஜியோ எமிலியா
23.02.2025

குகனேஸ்,

கோவிக்காதையும். வாயைத் திறந்தால் என்ன கேப்பாங்கள்? ‘அப்ப உன்ரை பெயர் ஏன் சினோரா வீட்டுப் பதிவிலை கிடக்கு?’ எண்டு கேப்பாங்கள். பொய்ப்பதிவு எண்டு, அதுக்குக் கையெழுத்து வைச்ச சினோராவின்ரை மகனைப் பிடிப்பாங்கள். அவர் அண்டைக்கே உம்மை நிப்பாட்டியிருப்பார். உம்மடை பெர்மெசோ, இஞ்சை இருக்கிற அனுமதி, அந்த வேலையிலைதான் நிண்டது. வீடு போனாலும் நீர் இந்த நாட்டிலை நிக்கவேணும் எண்டு நினைச்சன். சொன்னால் வேலையை விட்டிடுவீர் எண்டு பயந்து உமக்கும் சொல்லேல்லை.

இப்ப உமக்கு நீண்டகாலப் பெர்மெசோ கிடைச்சிட்டுது. அதுதான் திரும்பக் கேட்டுப் பாப்பமெண்டு நினைச்சன். ஏலாதெண்டால் விடும்.

சோதி

பலெர்மோ
05.03.2025

இஞ்சாருங்கோ,

உங்கடை கடிதத்தைக் குசினியிலை நிண்டு வாசிச்சு அழுதன். சினோரா பயந்துபோய், ஊரிலை ஆரும் செத்துப்போட்டினமோ எண்டு கேட்டா.

விசர் மனுசன்! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ? வீட்டைத் துலைச்சுப்போட்டியள் எண்டு எவ்வளவு ஏச்சு ஏசினன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனியள்.

வீடு போனது போனதுதான். நேற்றும் அந்த லோயர் மனுசியிட்டைப் போய்க் கெஞ்சிப் பாத்தன். ஏலாது எண்டிட்டா.

சினோராவின்ரை மகனிட்டைச் சொல்லிப்போட்டன், இனி இரவு நிக்கமாட்டன், காலமை வந்து பின்னேரம் போவன் எண்டு. முகத்தைச் சுழிச்சுப்போட்டு ஓம் எண்டார். வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னாலை வாடகைக்கு ரெண்டு அறை எடுத்திருக்கிறன். சின்னக் குசினி, நீங்கள் உள்ளை நிண்டால் நான் வெளியிலைதான். பதிவை ரெண்டுபேருமாய்ப் போய் அந்த விலாசத்துக்கு மாத்துவம்.

இதுக்குப் பதில் எழுதாதேங்கோ. வாங்கோ.

உங்கடை
குகனேஸ்